குழந்தைகளின் புற்றுநோயும் அரசாங்கத்தின் பணமும்

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய் வைத்திய சாஸ்திரத்துக்கு எவ்வளவு பெரிய விஷயமோ, வியாபாரத்துக்கு அவ்வளவு சிறிய விஷயம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஓராண்டில் இருபது வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழ 15,000 பேருக்கு இந்நோய் காணப்படுகிறது. அதே ஆண்டில் அந்நாட்டுப் பெரியவர்களை நுரையீரல் புற்றுநோய் ஒன்றே இரண்டு லட்சம் பேருக்கு மேல் பற்றிவிடுகிறது. அந்தப் பதினையாயிரமும் ஒரே வியாதியாக இருந்தாலாவது கணக்குக் கொஞ்சம் தேறும். ரத்தப்புற்று, மூளைக்கட்டி, நரம்புத் திசுவில் தோன்றும் நியூரோபிளாஸ்டோமா, சிறுநீரகத்தில் தோன்றும் வில்ம்ஸ் கட்டி, விழித்திரைக் கட்டி, எலும்புப்புற்று என்று அது பல கிளைகளாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையும் உட்பிரிவுகளாகச் சிதறி, கடைசியில் ஒரு குறிப்பிட்ட மருந்து வேண்டியவர்கள் என்று எண்ணிச் சொல்லத்தக்க குழந்தைகள் ஆண்டுக்குச் சில நூறு பேராகக் குறுகிவிடுகிறார்கள். அந்தச் சில நூறு பேருக்காகப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பொறுத்திருந்து பெருந்தொகையைச் செலவிட எந்தக் கம்பெனியின் பங்குதாரர்கள் சம்மதிப்பார்கள்? ஆகவே இத்துறையில் அரசாங்கம் என்ன செய்தது என்ற கேள்வி, ஏதோ ஓரத்தில் கிடக்கும் நிர்வாகக் கேள்வியன்று. நோயின் சரித்திரமே பெரும்பாலும் அந்தக் கேள்விக்கான விடைதான்.

இந்தச் சரித்திரத்தை அமெரிக்காவில் தேடுவதற்குக் காரணம் உண்டு. 1937ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டத்தினால் தேசியப் புற்றுநோய் நிலையம் அங்கே தோன்றியது. ஆண்டுக்கு 7 லட்சம் டாலர் வரை அதற்குச் செலவிடலாம் என்று சட்டம் அனுமதித்தது. ஆனால் குழந்தைகளுக்கு அதனால் உடனே ஒன்றும் விளைந்துவிடவில்லை. முதல் வெளிச்சம் வேறு திசையிலிருந்து, ஒரு தனி மனிதரின் பிடிவாதத்திலிருந்தும் ஒரு தனியார் கம்பெனியின் ஆய்வுக்கூடத்திலிருந்தும்தான் வந்தது என்பதை அரசாங்கத்தின் பெருமை பேசப் புகுகிறவர்கள் மறைக்கக் கூடாது.

பாஸ்டன் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் நோய்க்கூறு நிபுணராக இருந்தவர் சிட்னி ஃபார்பர். இறந்த குழந்தைகளின் உடல்களை ஆராய்வதே அவருடைய அன்றாட உத்தியோகம். ரத்தப்புற்று வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலத்தைச் சார்ந்த பொருள்களைக் கொடுத்துப் பார்த்தபோது நோய் தணிவதற்குப் பதிலாக விரைந்து முற்றுவதை அவர் கண்டார். ஊட்டினால் வளருகிற நோய் அந்த ஊட்டத்தைத் தடுத்தால் ஒடுங்கவேண்டுமல்லவா என்று எதிர்த்திசையில் யோசித்த அவருக்கு, ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளித்து அதன் வேலையைக் கெடுக்கும் அமினாப்டெரின் என்ற ரசாயனத்தை அனுப்பிவைத்தவர், லெடர்லே கம்பெனியின் ஆராய்ச்சித் தலைவராக இருந்த எல்லாப்பிரகத சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். என்ற குறைந்த பட்டத்தோடு கடல் கடந்தவர் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றில் சொல்லப்படுகிறது. ஃபார்பர் 1948 ஜூன் மாதத்தில் வெளியிட்ட கட்டுரையில் சிகிச்சை பெற்ற 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்த செய்தி இருந்தது. தணிந்ததே தவிர நீங்கவில்லை. சில மாதங்களில் அது திரும்பிவந்தது. சுப்பாராவ் அதே ஆண்டு ஆகஸ்டில் காலமானார். அமினாப்டெரினின் நெருங்கிய உறவான மீதோட்ரெக்ஸேட் இன்றும் பெரும்பாலான குழந்தைகளின் ரத்தப்புற்றுச் சிகிச்சையில் இருக்கிறது.

ஃபார்பரின் வேலைக்குப் பணம் தந்தது அன்று ஜனங்களின் நன்கொடை. 1948இல் ஒரு வானொலி நிகழ்ச்சியில் 'ஜிம்மி' என்ற புனைபெயரோடு பேசிய சிறுவனைக் கேட்டு மனமிரங்கியவர்கள் 2 லட்சத்து 31 ஆயிரம் டாலருக்கு மேல் அனுப்பினார்கள். பரிதாபத்தின் சக்தி பெரியது. ஆனால் அது ஒரு குழந்தையின் முகத்தைக் கேட்கிறது, புள்ளிவிவரத்துக்கு இளகுவதில்லை. கையில் கிடைத்த ஒரு மருந்தை வேறொரு மருந்தோடு சேர்த்து, எந்த அளவில், எந்த வரிசையில், எத்தனை நாள் கொடுப்பது என்று நூற்றுக்கணக்கான குழந்தைகளிடம் பொறுமையாகச் சோதித்தறிகிற காரியத்துக்கு வானொலியில் பணம் திரட்ட முடியாது. அரசாங்கத்தின் வேலை அந்த இடத்தில்தான் ஆரம்பமாயிற்று.

வாஷிங்டனுக்கு அருகில் பெதஸ்டாவில், நோயாளியிடம் ஒரு காசும் வாங்காமல் ஆராய்ச்சிக்கென்றே நடத்தப்படும் மருத்துவமனை 1953இல் திறக்கப்பட்டது. 1955இல் அமெரிக்கக் காங்கிரஸ் 50 லட்சம் டாலர் ஒதுக்கியதன் விளைவாக, புற்றுநோய்க்கு உதவக்கூடிய ரசாயனங்களை யார் அனுப்பினாலும் வாங்கி எலிகளில் சோதிக்கும் தேசிய ஏற்பாடு ஒன்று உருவாயிற்று. கம்பெனிகள் தங்கள் பொருளின் ரகசியம் வெளியாகுமோ என்று தயங்கியபோது, ரகசியத்தைக் காப்பதாக அரசாங்கம் ஒப்பந்தம் செய்துகொடுத்தது. தேசியப் புற்றுநோய் நிலையத்தின் சிகிச்சைப் பிரிவுக்குக் கார்டன் ஜூப்ராட் தலைவராக வந்தார். அவருக்குக் கீழே எமில் ஃப்ரை, எமில் ஃப்ரைரைக் என்று பெயரிலேயே குழப்பம் விளைவிக்கும் இரண்டு இளைஞர்கள் சேர்ந்தார்கள்.

அவர்கள் கண்ட முதல் எதிரி புற்றுநோயன்று, ரத்தப்போக்கு. வார்டுகளில் குழந்தைகள் மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் ரத்தம் கொட்டி இறந்துகொண்டிருந்தார்கள். ரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் குறைந்துபோவதே இதற்குக் காரணமென்பதை ஃப்ரைரைக் அளந்து நிரூபித்தார்; புதிதாக எடுத்த ரத்தத்திலிருந்து தட்டணுக்களை ஏற்றியபோது போக்கு நின்றது. பிறகு தட்டணுக்களையும் வெள்ளணுக்களையும் இடைவிடாமல் பிரித்தெடுக்கும் இயந்திரம் ஒன்றை ஐ.பி.எம். கம்பெனியின் பொறியாளர் ஒருவருடன் சேர்ந்து அந்த நிலையம் அமைத்தது. அந்தப் பொறியாளரின் மகனே ரத்தப்புற்று நோயாளி. இன்று நம் ஊர் ரத்த வங்கிகளிலும் தட்டணு தானம் செய்பவரின் கையில் பொருத்தப்படும் கருவி அந்த வம்சத்தைச் சேர்ந்தது. குழந்தைகளுக்கென்று செய்யப்பட்ட ஆராய்ச்சி குழந்தைகளோடு நிற்பதில்லை என்பதற்கு இது முதல் சான்று.

தட்டணு கைவசமான பிறகு துணிச்சல் வந்தது. வின்கிரிஸ்டின், மீதோட்ரெக்ஸேட், மெர்காப்டோபியூரின், பிரெட்னிசோன் என்ற நான்கு மருந்துகளை ஒரே சமயத்தில் கொடுப்பது என்று 1962 வாக்கில் அவர்கள் தீர்மானித்தபோது, சக வைத்தியர்களில் பலர் அதைக் கொடுமை என்றே சொன்னார்கள். ஒரு விஷயத்தை இங்கே நின்று கவனிக்கவேண்டும். அந்த நான்கில் எதையும் அரசாங்கம் கண்டுபிடிக்கவில்லை. மீதோட்ரெக்ஸேட் லெடர்லேயினுடையது, மெர்காப்டோபியூரின், பரோஸ் வெல்கம் கம்பெனியில் கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் செய்தது, பிரெட்னிசோன் ஷெரிங் கம்பெனியுடையது, நம் வீட்டு வேலியோரத்தில் பூக்கும் நித்தியகல்யாணியின் இலையிலிருந்து டன் கணக்கில் வடித்துச் சில கிராமாக எடுக்கப்படும் வின்கிரிஸ்டின், எலி லில்லி கம்பெனி தந்தது. நான்கு கம்பெனிகளின் சரக்கை ஒரே நோயாளிக்கு ஒரே அட்டவணையில் கொடுத்துப் பார்க்கிற அக்கறை அந்த நான்கு கம்பெனிகளில் எதற்கும் இருக்க நியாயமில்லை. அரசாங்கம் வாங்கித் தந்தது அந்த அட்டவணையைத்தான். மருந்துகளை விடவும் அந்த அட்டவணையே குழந்தைகளைக் காப்பாற்றியது என்பது என் துணிபு. பின்னர் நடந்தவையும் இதையே காட்டுகின்றன.

நான்கு மருந்துச் சிகிச்சையில் ரத்தமும் எலும்பு மஜ்ஜையும் சுத்தமாகி வீடு திரும்பிய குழந்தைகளில் பலர், சில மாதங்கள் கழித்துத் தலைவலியோடும் வாந்தியோடும் திரும்பி வந்தார்கள். மருந்து எட்டாத மூளையின் உறைகளில் நோய் ஒளிந்திருந்தது. டென்னஸி மாநிலத்து மெம்ஃபிஸ் நகரில் 1962இல் திறந்த செயின்ட் ஜூட் மருத்துவமனையின் தலைவர் டொனால்ட் பிங்கல், தலைக்குக் கதிர்வீச்சும், முதுகுத்தண்டு நீரில் நேரே செலுத்தும் மருந்தும், பிறகு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு நீளும் தொடர் சிகிச்சையுமாக ஒரு முழு வியூகத்தை வகுத்தார். நகைச்சுவை நடிகர் ஒருவர் திரட்டிய நன்கொடையில் எழுந்த மருத்துவமனை அது; ஆராய்ச்சிக்கோ அரசாங்க மானியமும் துணை நின்றது. 1970களின் தொடக்கத்தில் பாதிக் குழந்தைகள் பிழைத்தார்கள். பத்தாண்டுகளுக்கு முன் பத்தில் ஒருவர் பிழைப்பதே அரிது.

அந்தப் பாதி, ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு என்று ஆவதற்கு அடுத்த நாற்பது ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் அற்புத மருந்து ஏதும் வானத்திலிருந்து இறங்கிவிடவில்லை. பெரும்பாலும் 1970க்கு முன்னரே தெரிந்திருந்த மருந்துகளை எவருக்குக் கூட்டுவது, எவருக்குக் குறைப்பது, யாருக்குக் கதிர்வீச்சே வேண்டாம் என்பனவற்றை, ஒரு கேள்விக்கு ஐந்தாறு ஆண்டு என்ற விகிதத்தில், குலுக்கல் முறையில் குழந்தைகளை இரு அணிகளாகப் பிரித்துச் சோதித்தறிந்ததே நடந்த காரியம். மேற்கு ஜெர்மனியிலும் ஒரு குழு 1970 முதல் இதே பாதையில் சென்று, தீவிரச் சிகிச்சையை இரண்டாம் முறை கொடுப்பதன் பலனைக் காட்டியது. அமெரிக்கர்கள் அதைத் தயக்கமின்றி எடுத்துக்கொண்டார்கள். எந்த ஒரு மருத்துவமனையிலும் ஒரு வகை நோய்க்குப் போதிய குழந்தைகள் இருக்கமாட்டார்கள்; ஆகையால் மருத்துவமனைகள் கூடித்தான் சோதிக்கமுடியும். கூடுவதற்குச் செலவு உண்டு. விவரம் குறிக்கும் செவிலியருக்கும், கணக்கிடும் புள்ளியியல் நிபுணருக்கும், திசுக்களைக் காத்துவைக்கும் குளிர்ப்பெட்டிக்கும் தேசியப் புற்றுநோய் நிலையம் தலைமுறைக்குத் தலைமுறை பணம் கொடுத்துவந்தது. வில்ம்ஸ் கட்டிக்கென்று 1969இல் தொடங்கிய தேசியக் குழு உட்பட நான்கு குழுக்கள் 2000இல் ஒன்றாகி, குழந்தைகள் புற்றுநோய்க் குழு என்ற பெயரில் இன்று இருநூறுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளை இணைக்கின்றன. அமெரிக்காவில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் மிகப் பெரும்பகுதியினர் இவற்றில்தான் சிகிச்சை பெறுகிறார்கள்.

1971இல் ஜனாதிபதி நிக்சன் கையெழுத்திட்ட தேசியப் புற்றுநோய்ச் சட்டம் இந்தச் சரித்திரத்தில் வழக்கமாகப் பெறும் இடத்தை நான் தர விரும்பவில்லை. ஃபார்பரும், மேரி லாஸ்கர் என்ற செல்வச் சீமாட்டியும் பல்லாண்டு முயன்று கொண்டுவந்த அது, பணத்தைப் பெருக்கியது உண்மை. சந்திரனுக்கு மனிதனை அனுப்பிய தேசத்துக்குப் புற்றுநோய் எம்மாத்திரம் என்ற அன்றைய உற்சாகம் அதன் பின்னே இருந்தது. சந்திரனில் முதலில் கால்வைத்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங்கின் மகள் 1962இல், தன் மூன்றாம் பிறந்தநாளைக் காணாமல், மூளைத்தண்டில் தோன்றிய கட்டியால் இறந்துபோனாள். இன்றும் அக்கட்டி வந்த குழந்தைகளில் பெரும்பாலோர் ஓராண்டு தாண்டுவதில்லை. கணக்கிட்டுக் கட்டிமுடிக்கும் யந்திரத்துக்குரிய உவமையை உயிருள்ள திசுவின்மேல் ஏற்றுவது எவ்வளவு பிசகு என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

பிழைத்தவர்கள் பெருகியபோது வேறொரு கேள்வி எழுந்தது. தலைக்குக் கதிர்வீச்சு வாங்கிய குழந்தை வளர்ந்து எப்படிப் படிக்கிறது? இருதயத்தைப் பலவீனப்படுத்தும் மருந்தை வாங்கிய சிறுமி தாயாகும் வயதில் எப்படியிருக்கிறாள்? எவ்வித லாபமும் தராத இந்தக் கேள்விகளைப் பின்தொடர 1994இல் அரசாங்கச் செலவில் ஓர் ஆய்வு தொடங்கியது. ஆயிரக்கணக்கான பேரை நடுவயது வரை தொடர்ந்து சென்று விசாரித்த அந்த ஆய்வு, 2006இல் வெளியிட்ட முடிவுகளில், பிழைத்தவர்களில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஏதேனும் ஒரு நாட்பட்ட நோய் இருப்பதாகச் சொன்னது. கதிர்வீச்சைக் குறைக்கவும், பெரும்பாலான ரத்தப்புற்றுக் குழந்தைகளுக்கு அதை அறவே தவிர்க்கவும் வைத்தியர்களுக்குத் தைரியம் வந்ததில் இத்தகைய தகவல்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பிழைத்தவன் என்று எழுதி ஏட்டை மூடிவிட எந்தக் கம்பெனிக்கும் உரிமை உண்டு, அரசாங்கத்துக்கு இல்லை.

கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில், குழந்தைகளின் புற்றுநோய்க்கென்று தனிச் சட்டங்கள் இயற்றும் வழக்கம் அமெரிக்கக் காங்கிரஸில் வளர்ந்திருக்கிறது. அவற்றில் சில, இறந்துபோன குழந்தைகளின் பெயரைத் தாங்கியவை. அவற்றைக் குறைசொல்ல மனம் வருவதில்லை. ஆனால் தொகையைப் பார்க்காமலிருக்கவும் முடிவதில்லை. 2008ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 3 கோடி டாலர் என்று ஐந்தாண்டுகளுக்கு அனுமதித்தது. அந்நாட்டு முறையில் அனுமதிப்பது ஒரு வாக்கு, பணத்தை ஒதுக்குவது வேறொரு வாக்கு. முதல் வாக்குக்குக் கிடைத்த கரகோஷம் இரண்டாவதற்குக் கிடைக்கவில்லை, சொன்ன தொகையில் சிறு பகுதியே கைக்கு வந்தது. மூளைக்கட்டியால் இறந்த பத்து வயதுச் சிறுமி கேப்ரியெல்லா மில்லரின் பெயரால் 2014இல் வந்த சட்டம், அரசியல் கட்சிகளின் மாநாடுகளுக்கு வரிப்பணத்திலிருந்து கொடுத்துவந்ததை நிறுத்தி, ஆண்டுக்கு 1 கோடியே 26 லட்சம் டாலரைக் குழந்தைகளின் நோய்களுக்கான மரபணு ஆராய்ச்சிக்குத் திருப்பிவிட்டது. தேசியப் புற்றுநோய் நிலையத்தின் ஆண்டுச் செலவோ 700 கோடி டாலர் அளவினது. 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3 கோடியும், 2019இல் அறிவிக்கப்பட்டுப் பத்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 5 கோடி என்று வகுக்கப்பட்ட தகவல் திரட்டும் திட்டமும் உண்மையாகவே கையில் கிடைத்த பணம் என்ற வகையில் மேலானவை.

நிலையத்தின் பணத்தில் நூற்றுக்கு நான்கு பங்கே குழந்தைகளுக்குப் போகிறது என்பது பெற்றோர் சங்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குற்றச்சாட்டு. இதற்கு நிலையத்தார் சொல்லும் சமாதானம், உயிரணுவின் அடிப்படை ஆராய்ச்சியை எந்த நோயின் கணக்கிலும் எழுதமுடியாது என்பது. சமாதானம் வசதியானதுதான், ஆனாலும் பொய்யன்று. 1971இல் ஆல்ஃபிரட் நட்ஸன் விழித்திரைக் கட்டி வந்த 48 பேரின் விவரங்களை வைத்துக்கொண்டு, ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதடைந்தால்தான் இக்கட்டி தோன்றுகிறது என்று கணித்தார்; புற்றுநோயைத் தடுக்கும் மரபணுக்கள் என்ற கருத்து அதிலிருந்துதான் கிளைத்தது. 1969இல் தேசிய நிலையத்தைச் சேர்ந்த ஃபிரெடரிக் லீயும் ஜோசஃப் ஃப்ராமெனியும், புற்றுநோய் வந்த குழந்தைகளின் குடும்பங்களை ஆராய்ந்து எழுதிய கட்டுரை, பெரியவர்களின் புற்றுநோய்களில் மிகப் பரவலாகப் பழுதடையும் ஒரு மரபணுவுக்கு 1990இல் வழிகாட்டியது. குழந்தைகளின் கணக்கில் எழுதிய பணம் பெரியவர்களுக்கும், பெரியவர்களின் கணக்கில் எழுதியது குழந்தைகளுக்கும் பாய்ந்திருக்கிறது. நூற்றுக்கு நான்கா எட்டா என்ற வாதத்தைவிட, ஆரம்பித்த சோதனை நடுவில் நிற்காமல் முப்பது ஆண்டு தொடர்கிறதா என்பதே முக்கியமாக எனக்குப் படுகிறது.

அப்படித் தொடர்ந்ததற்கும், தொடர்ந்ததன் பலன் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கும் நியூரோபிளாஸ்டோமாவின் கதை ஒன்று போதும். அக்கட்டியின் உயிரணுக்கள்மேல் இருக்கும் ஒரு பொருளைப் பற்றிக்கொண்டு தாக்கும் எதிர்ப்புப் புரதம் ஒன்றைத் தயாரிக்கக் கம்பெனிகள் முன்வராதபோது, தேசிய நிலையம் அதைத் தன் சொந்தக் கூடத்திலேயே தயாரித்து, ஆண்டுக்கணக்காகக் குழந்தைகளுக்கு வழங்கியது. ஆலிஸ் யூ என்ற பெண்மணியின் தலைமையில் 226 குழந்தைகளிடம் நடந்த சோதனையில், இரண்டாண்டு நோய் திரும்பாமல் இருந்தவர்கள் பழைய சிகிச்சையில் நூற்றுக்கு 46, புதியதில் 66. முடிவு தெளிவாகிவிட்டதால் குலுக்கல் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. இதற்குப் பிறகு யுனைடெட் தெரபியூட்டிக்ஸ் என்ற கம்பெனி உற்பத்தியை ஏற்றுக்கொண்டு, 2015 மார்ச்சில் விற்பனை அனுமதி பெற்றது. 2012ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, குழந்தைகளின் அரிய நோய்க்கு மருந்து கொண்டுவருபவருக்கு, வேறொரு மருந்தை விரைவாகப் பரிசீலிக்கச் செய்யும் சீட்டு ஒன்று பரிசாகக் கிடைக்கும். அதை விற்கவும் செய்யலாம். அக்கம்பெனி அதே ஆண்டு ஆகஸ்டில் அந்தச் சீட்டை ஆப்வீ கம்பெனிக்கு 35 கோடி டாலருக்கு விற்றது. குழந்தைகளுக்கான பெரிய சட்டங்களில் ஒன்று ஓராண்டில் தரும் தொகையைப்போலப் பத்து மடங்குக்கு மேல் அது. கம்பெனியின்மேல் பழியில்லை, சட்டம் சொன்னதைத்தான் செய்தது. ஆனால் பொதுப்பணத்தில் விதைத்துப் பயிராக்கிய பிறகு அறுவடையில் பொதுவுக்கு ஒரு பங்கும் எழுதிக்கொள்ளாத சட்டத்தை இயற்றியவர்களின் சாமர்த்தியத்தைப் புகழ முடியவில்லை. 2017இல் வந்த சட்டம் இதைவிட நேரானது: பெரியவர்களுக்கென்று செய்யும் புற்றுநோய் மருந்து, குழந்தைகளின் நோயிலும் இருக்கும் மூலக்கூறு ஒன்றைத் தாக்குமானால், அதைக் குழந்தைகளிடமும் சோதிக்கவேண்டும் என்று அது கட்டாயப்படுத்தியது. 2020 முதல் அது அமலில் இருக்கிறது.

பெதஸ்டாவில் உருவான அட்டவணைப் பழக்கம் அடையாற்றுக்கும் வந்தது. 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தோன்றி, டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் வளர்த்த சென்னைப் புற்றுநோய் நிலையம், பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனை, டில்லி அகில இந்திய மருத்துவ நிலையம் ஆகிய மூன்றும், அமெரிக்கத் தேசிய நிலையத்தைச் சேர்ந்த இயன் மக்ராத்தின் ஒத்துழைப்போடு, எம்.சி.பி.841 என்ற பொது அட்டவணையை 1980களின் நடுவிலிருந்து பின்பற்றத் தொடங்கின. இந்தியாவில் கிடைக்கக்கூடிய மருந்துகளைக் கொண்டு, இந்திய வார்டுகள் தாங்கக்கூடிய தீவிரத்தில் அமைத்தது அது. அதற்கு முன் ரத்தப்புற்றுக் குழந்தைகளில் ஐவரில் ஒருவர் என்ற அளவில் பிழைத்த இடங்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பிழைத்தார்கள் என்பது 2005இல் வெளியான முடிவு. புதிய மருந்து ஒன்றும் இதிலும் இல்லை. மற்ற பாதியில் தொற்றுநோயால் இறந்தவர்களும், ஊட்டமின்மையால் சிகிச்சையைத் தாங்காதவர்களும், பணமில்லாமலோ மனம் தளர்ந்தோ நடுவில் ஊருக்குத் திரும்பிவிட்டவர்களும் இருந்தார்கள்.

மத்திய அரசின் அணுசக்தித் துறை ஆதரவோடு 2012இல் அமைந்த தேசியப் புற்றுநோய் இணைப்பும், குழந்தைப் புற்றுநோய் வைத்தியர்கள் தமக்குள் அமைத்துக்கொண்ட அகில இந்தியக் குழுவும் இப்போது அந்த வேலையைத் தொடர்கின்றன. ரத்தப்புற்றில் எவருக்குச் சிகிச்சையைக் குறைக்கலாம் என்பதை அமெரிக்க விடையைக் கடன் வாங்காமல் இங்கேயே குலுக்கல் முறையில் சோதிக்கும் ஆய்வு ஒன்று, கல்கத்தா, பம்பாய், டில்லி, சண்டிகர் மருத்துவமனைகளோடு அடையாறு நிலையத்தையும் சேர்த்துக்கொண்டு தொடங்கப்பட்டது. அது கண்காணிக்க எடுத்துக்கொண்ட விஷயங்களில் தொற்றால் நேரும் மரணமும் ஒன்று.